தூக்கத்தின் சுவிட்சைத் தேடியவர்

பெயரைக் கேட்டதும் யாரோ எகனாமிக்ஸ் பேராசிரியர் என்று நினைத்துவிட வேண்டாம். கான்ஸ்டன்டின் ஃபான் எக்கோனோமோ ஒரு நரம்பியல் டாக்டர். அதற்கு முன்னால் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மாணவர். நடுவில் ஏரோப்ளேன் ஓட்டியவர். 1931-லேயே இறந்துவிட்டார். ராத்திரி ஆனால் நாம் ஏன் தூங்குகிறோம், காலையில் எதனால் விழிக்கிறோம் என்ற கேள்விக்கு, மூளைக்குள் இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டிப் பதில் சொன்னவர் அவர். நரம்பியல் படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். நம்ம பாலிடெக்னிக் பக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் இவருடைய கதை நமக்குத்தான் சுலபமாகப் புரியும் என்பது என் எண்ணம். ஏனென்றால், சுருக்கமாகச் சொன்னால் இது ஒரு ஃபால்ட் கண்டுபிடித்த கதை.

எக்கோனோமோ 1876 ஆகஸ்ட் 21-ம் தேதி ருமேனியாவில், டான்யூப் நதிக்கரைத் துறைமுகமான பிரெய்லாவில் பிறந்தார். பெற்றோர் கிரேக்கர்கள், நல்ல வசதியான குடும்பம். குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போதே குடும்பம் ட்ரியெஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்று இத்தாலியில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பெரிய கடல் துறைமுகம். கிரேக்கம், இத்தாலி, ஜெர்மன் என்று பல மொழிகள் காதில் விழும் ஊர். பையன் அத்தனையையும் பிடித்துக்கொண்டான்.

அப்பாவுக்கு மகன் இன்ஜினியர் ஆக வேண்டும் என்று ஆசை. 1893-ல், பதினேழு வயதில், வியன்னாவின் தொழில்நுட்ப உயர்கல்வி நிலையத்தில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அந்த நிலையம் 1815-ல் ஆரம்பிக்கப்பட்டபோது அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பாலிடெக்னிக்! ஆக, ஒரு வகையில் நமக்கு அவர் சீனியர். இரண்டு வருஷம் படித்தார். மனசு ஒட்டவில்லை. அப்பாவைச் சம்மதிக்க வைத்து, 1895-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு மாறினார். அப்பா சொன்னாரே என்று சேர்ந்தவர்கள் நம் வகுப்பிலும் உண்டு. அவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

1901-ல் டாக்டர் பட்டம். அதற்குப் பிறகு சில வருஷம் ஊர் ஊராகப் போய்ப் படித்தார். பாரீஸ், நான்சி, ஸ்ட்ராஸ்பர்க், மியூனிக், பெர்லின். மியூனிக்கில் அப்போது கிரேப்லினும் அல்ஸைமரும் இருந்தார்கள். ஞாபக மறதி நோய்க்குப் பெயர் கொடுத்த அதே அல்ஸைமர்தான். திரும்பி வந்து 1906-ல் வியன்னாவில் வாக்னர்-யாவ்ரெக் நடத்திய மனநல, நரம்பியல் மருத்துவமனையில் சேர்ந்தார். கடைசிவரை அந்த ஊரை விடவில்லை.

விட்டுப்போன மெக்கானிக்கல் வேறு வழியாக எட்டிப் பார்த்தது. ரைட் சகோதரர்கள் பறந்து சில வருஷம்தான் ஆகியிருந்த காலம். எக்கோனோமோ முதலில் பலூனில் ஏறினார். பிறகு பிரான்சுக்குப் போய் வாய்சின் விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார். மூங்கில் சாரம் கட்டித் துணி போர்த்திய மாதிரி இருக்கும் அந்தக் கால விமானத்தில் ஏறுவதற்கே தனித் தைரியம் வேண்டும். எஞ்சின் எப்போது நிற்கும் என்று எஞ்சினுக்கே தெரியாது! ஆஸ்திரியாவின் ஆரம்ப கால விமானிகளில் ஒருவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அந்நாட்டு ஏரோ கிளப்பின் தலைவராகவும் பல வருஷம் இருந்தார்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. முப்பத்தெட்டு வயது டாக்டர், தானாக முன்வந்து ரஷ்ய எல்லைக்கு மோட்டார் படையில் போனார். 1916-ல் இத்தாலியை ஒட்டிய டைரோல் மலைப் பகுதியில் போர் விமானி. அந்தப் போரில் சகோதரர் ஒருவர் இறந்துபோனார். இன்னொரு பிள்ளையையும் இழக்கப் பெற்றோர் தயாராக இல்லை. அவர்கள் வற்புறுத்தலால் வியன்னா திரும்பி, பழைய மருத்துவமனையில் தலையில் குண்டடி பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள்.

கொண்டுவரும்போது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயின் பெயர் எழுதியிருக்கும். ஒருவருக்கு மூளைச்சவ்வு அழற்சி, இன்னொருவருக்கு ஜன்னி என்று. எக்கோனோமோ அந்தப் பெயர்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஆளைப் பார்த்தார். லேசான காய்ச்சல், தலைவலி என்று ஆரம்பிக்கும். பிறகு தூக்கம். சாப்பிட்டுக்கொண்டே தூங்குவார்கள், உட்கார்ந்தபடி தூங்குவார்கள். உலுக்கி எழுப்பினால் எழுந்து, எங்கே இருக்கிறோம், என்ன நாள் என்றெல்லாம் தெளிவாகச் சொல்வார்கள். விட்டால் அடுத்த நிமிஷம் மறுபடி தூக்கம். மயக்கம் என்றால் எழுப்ப முடியாது. இவர்களை எழுப்ப முடிந்தது. ஆக இது அசல் தூக்கம்தான், ஆனால் முடியாத தூக்கம். கூடவே இமைகள் தொங்கிப்போயிருக்கும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், கண்ணை அசைக்கும் தசைகள் வேலை செய்யாது. சிலர் வாரக்கணக்கில் இப்படியே கிடந்தார்கள், சிலர் மாதக்கணக்கில். பலர் எழுந்திருக்கவே இல்லை.

சிறு வயதில் வீட்டில் கேட்ட ஒரு விஷயம் அவருக்கு ஞாபகம் வந்தது. 1890-ஐ ஒட்டி வட இத்தாலியில் நோனா என்ற பெயரில் ஒரு தூக்க நோய் வந்து போனதாக அம்மா சொல்லியிருந்தார். பல பெயர்களில் வந்திருக்கும் இந்த நோயாளிகள் எல்லாருக்கும் நோய் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தார். 1917 ஏப்ரலில் வியன்னா டாக்டர்கள் கூட்டத்தில் அதைச் சொன்னார். மே மாதம் கட்டுரை வெளியானது. நோய்க்கு என்செபலைட்டிஸ் லெதார்ஜிகா என்று பெயர் வைத்தார். தூக்கத்தில் ஆழ்த்தும் மூளை அழற்சி என்று வைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவில் ட்செட்சி ஈ கடித்து வரும் தூக்க நோய் வேறு, இது வேறு. அதே சமயத்தில் பிரான்சில் குரூஷே என்ற டாக்டரும் போர் வீரர்களிடம் இதே போன்ற நோயைப் பார்த்து எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த பத்து வருஷத்தில் இது உலகம் முழுக்கப் பரவி லட்சக்கணக்கானவர்களைத் தாக்கிவிட்டு, வந்த வேகத்திலேயே மறைந்தும் போனது.

இனிமேல்தான் நம் ஆளின் உண்மையான வேலை ஆரம்பம்.

தூக்கம் என்றால் என்ன என்பதற்கு அன்றைக்கு இருந்த பொதுவான கருத்து, இன்றைக்கு நாமும் நினைத்துக்கொண்டிருப்பதுதான். நாள் முழுக்க உழைக்கிறோம், களைப்பு சேர்கிறது, பேட்டரி இறங்குகிறது, மூளை ஓய்ந்துபோகிறது. காலையில் சார்ஜ் ஏறியதும் விழிப்பு. ரத்தத்தில் ஏதோ ஒரு களைப்புப் பொருள் சேர்ந்து மூளையை மந்தமாக்குகிறது என்றும் சிலர் சொல்லிவந்தார்கள். எப்படிச் சொன்னாலும் அர்த்தம் ஒன்றுதான்: விழிப்பு என்பது மூளை செய்கிற வேலை, தூக்கம் என்பது அந்த வேலை நிற்பது.

இது சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூளையில் எங்கே அடிபட்டாலும் ஆள் அதிகமாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். அடிபட்டதால் தூக்கமே வராமல் போக வழியில்லை. பேட்டரி கெட்டுப்போனதால் லைட் அணையவே மாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால் நம்புவோமா?

ஆனால் எக்கோனோமோவின் வார்டில் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். அதே நோய், அதே காய்ச்சல். ஆனால் தூக்கம் வரவில்லை. கை கால்கள் தாமாக ஆடிக்கொண்டே இருக்கும், ராத்திரி முழுக்கப் புரண்டு கிடப்பார்கள், உடம்பு களைத்து ஓய்ந்துபோனாலும் கண் மூடாது. அப்படியே சில நாளில், சில வாரத்தில் இறந்துபோனவர்கள் உண்டு. வேறு சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, நாளே தலைகீழாக மாறியது: பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. களைப்புக் கணக்கில் இது எதுவும் அடங்கவில்லை.

இறந்தவர்களின் மூளையைச் சீவல் சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். எங்கே அழற்சி, எங்கே செல்கள் சிதைந்திருக்கின்றன என்று குறித்துக்கொண்டே போனார். கருகிய வாசனை வரும் இடத்தைப் பார்த்து சர்க்யூட்டைப் புரிந்துகொள்கிற வேலைதான் இது. ட்ராயிங் இல்லாத மெஷினை ரிப்பேர் பார்ப்பவர்கள் எல்லாரும் செய்வது. ஆனால் இங்கே ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் ஒரு மரணம் இருந்தது. தாம் கையாண்ட நோயை அவரால் குணப்படுத்த முடியவில்லை. அந்தக் காலத்தில் யாராலும் முடியவில்லை.

முடிவு தெளிவாக வந்தது. மூளையின் அடியில், நடுவாக, ஹைபோதலமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. எடை சில கிராம்தான். ஓயாமல் தூங்கியவர்களுக்கு அதன் பின்கோடியில், நடுமூளையோடு சேரும் இடத்தில் சேதம். தூக்கமே வராதவர்களுக்கு அதன் முன்பகுதியில் சேதம். அப்படியானால் பின்பகுதியின் வேலை விழித்திருக்க வைப்பது. அது கெட்டால் தூக்கம். முன்பகுதியின் வேலை தூங்க வைப்பது. அது கெட்டால் விழிப்பு. ஆக, தூங்குவதற்கும் மூளையில் ஒரு பகுதி வேலை செய்தாக வேண்டும்!

இமை தொங்கியதற்கும் இதிலேயே பதில் கிடைத்தது. கண்ணை அசைக்கும் நரம்பு கிளம்பும் இடமும் நடுமூளையில், அந்தப் பின்கோடியை ஒட்டியே இருக்கிறது. ஒரே சுவரில் நீர் கசிந்தால் ஃபேனும் லைட்டும் சேர்ந்து போவதில்லையா, அந்த மாதிரி. தூக்கம் வராதவர்களுக்குக் கை கால் ஆடியதற்கும் அதே காரணம்தான்: முன்பகுதிக்குப் பக்கத்திலேயே உடல் அசைவுகளைச் சீர்செய்யும் அடிமூளைப் பகுதி இருக்கிறது. களைப்புப் பொருள் என்ற கருத்தையும் அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. அது இருக்கட்டும், ஆனால் அது இந்த மையத்தின் மேல்தான் வேலை செய்கிறது என்று பொருத்திக் காட்டினார். 1929 டிசம்பரில் நியூயார்க் போய் இதையெல்லாம் விரிவுரையாகச் சொன்னார். மறு வருஷம் அது அச்சில் வந்தது.

இதற்கிடையில் இன்னொரு ராட்சத வேலையையும் முடித்திருந்தார். கோஸ்கினாஸ் என்ற கிரேக்க டாக்டருடன் சேர்ந்து, மனித மூளையின் மேற்பட்டை முழுவதையும் செல் செல்லாகப் பார்த்து 107 பகுதிகளாகப் பிரித்து, 1925-ல் பெரிய பெரிய புகைப்படத் தகடுகளோடு வெளியிட்டார்கள். அந்த வேலையில் அவர் விவரித்த கதிர் வடிவ நரம்புச் செல்லுக்கு இன்றும் அவர் பெயர்தான். மனிதக் குரங்கு, திமிங்கிலம், யானை மூளைகளிலும் அந்தச் செல் இருப்பது பின்னால் தெரிந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

1931-ல் வியன்னாவில் அவருக்கென்றே மூளை ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 21-ம் தேதி இருதய நோயால் காலமானார். வயது 55. பலமுறை நோபல் பரிசுக்குப் பெயர் போயும் கிடைக்கவில்லை. வியன்னா பல்கலைக்கழக முற்றத்தில் மார்பளவுச் சிலை இருக்கிறது.

அவர் போன பிறகு அவருடைய சுவிட்சைக் கொஞ்ச காலம் எல்லாரும் மறந்தே போனார்கள். 1935-ல் பெல்ஜியத்தில் ப்ரெமர் என்பவர் பூனையின் மூளையைத் தண்டிலிருந்து துண்டித்துப் பார்த்தார், மூளை தூங்கிப்போனது. வெளியிலிருந்து சேதி வராவிட்டால் மூளை தானாகத் தூங்கிவிடும் என்று பழைய கருத்துக்கே உயிர் கொடுத்தார்கள். 1946-ல் டச்சு விஞ்ஞானி நௌட்டா எலிகளின் ஹைபோதலமஸில் மெல்லிய வெட்டுப் போட்டுப் பார்த்தார். முன்னால் வெட்டினால் எலிக்குத் தூக்கமில்லை. பின்னால் வெட்டினால் ஓயாத தூக்கம். அப்படியே எக்கோனோமோ சொன்னது!

அவர் தொடாத ஒன்று இருந்தது. சுவிட்ச் சரி, அதை வேளை பார்த்துப் போடுவது யார்? 1972-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பதில் கண்டன. இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அதே ஹைபோதலமஸில், அரிசிமணியை விடச் சிறிய இரண்டு செல் கூட்டங்கள். சுமார் 20,000 செல்கள். எலியில் அதை அழித்தபோது, எலி எப்போதும்போலத் தூங்கியது, விழித்தது. ஆனால் இரவு பகல் என்ற ஒழுங்கு போய்விட்டது. இந்த டைமர் மனிதனுக்கு 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளமாக ஓடுகிறது. தினமும் கண்ணில் படும் வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. செல்களுக்குள் இப்படி டைமர் ஓடும் முறையைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017-ல் நோபல் கொடுத்தார்கள்.

1996-ல் அமெரிக்காவில் சேப்பர் குழு, ஹைபோதலமஸின் முன்பகுதியில், தூக்கத்தின்போது மட்டும் சுறுசுறுப்பாகும் ஒரு சிறு செல் கூட்டத்தைக் கண்டார்கள். அது பின்னாலிருக்கும் விழிப்பு மையங்களுக்கு நரம்பு அனுப்பி அவற்றை அடக்குகிறது. விழிப்பு மையங்கள் திருப்பி இதை அடக்குகின்றன. 2001-ல் இதை விளக்க அவர்கள் எடுத்த உவமை எலெக்ட்ரானிக்ஸ் பாடத்திலிருந்து வந்தது: ஃப்ளிப்-ஃப்ளாப்! இரண்டு கேட், ஒன்றின் அவுட்புட் மற்றதன் இன்புட்டுக்கு. ஒன்று ஆன் ஆனால் மற்றதைத் தலைதூக்க விடாது. நடுவில் நிற்காது. டிஜிட்டல் லேபில் கை வைத்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நாள் முழுக்கச் சேரும் களைப்பு ஒரு இன்புட். அந்த டைமர் இன்னொரு இன்புட். அடினோசின் என்ற பொருள்தான் அந்தக் களைப்புக் கணக்கில் முக்கியமான புள்ளி. டீயிலும் காபியிலும் இருக்கும் கஃபீன் அதன் சேதி போய்ச் சேராமல் தடுக்கிறது. கணக்கு மட்டும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இது நம்மைத் தொடும் விஷயம்தான். பரீட்சைக்கு முந்தின நாள் நைட் அவுட் அடித்து, விடிகாலை மூணு மணிக்குத் தலை தொங்கி, ஆறு மணிக்கு மேல் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கிறது அல்லவா? களைப்பு குறைந்துவிட்டதா? இல்லை, டைமர் பகல் பக்கம் திரும்பிவிட்டது. நம்மில் பாதிப் பேர் டிப்ளமோ முடித்ததும் போகப்போவது மூணு ஷிப்ட் கம்பெனிகளுக்கு. வாரம் மாறியதும் ஷிப்ட் மாறும். டைமர் அத்தனை வேகத்தில் மாறாது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் நகர்ந்தாலே பெரிசு. அதுவரை அது தூங்கு என்கிற நேரத்தில் நாம் லேத்தின் முன்னால் நிற்போம். ஃப்ளிப்-ஃப்ளாப் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயாது, ஒரே தட்டாகத்தான் மாறும். கண் திறந்திருக்கும்போதே சில விநாடி மூளை தூங்கிவிடும், ஆளுக்கே தெரியாது. ஜாப் சுற்றிக்கொண்டிருக்கும்.

எக்கோனோமோவின் நோயாளிகள் என்ன ஆனார்கள்? பிழைத்தவர்களில் பலருக்கு, சில வருஷம் கழித்து உடம்பு இறுகி, அசைவு குறைந்து, பார்க்கின்சன் நோய் போல் வந்தது. பல பேர் மருத்துவமனைகளிலேயே சிலை மாதிரி பத்துப் பத்து வருஷமாக உட்கார்ந்திருந்தார்கள். 1969-ல் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் என்ற டாக்டர் எல்-டோபா மருந்து கொடுத்து அவர்களில் சிலரைக் கொஞ்ச காலம் எழுப்பினார். 1990-ல் அது ஹாலிவுட் படமாகவும் வந்தது. நோய்க்குக் காரணம் எந்தக் கிருமி என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. 1918 இன்ஃப்ளூயன்சாவைப் பலர் சந்தேகித்தார்கள். ஆனால் வியன்னா வார்டு நிரம்பியது அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே.

இன்னொரு நோயைப் பற்றியும் எக்கோனோமோ ஒரு ஊகம் சொல்லியிருந்தார். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சட்டென்று தூக்கத்தில் விழுகிற நார்கோலெப்சி. அதற்கும் கோளாறு ஹைபோதலமஸின் பின்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். 1998-ல் இரண்டு குழுக்கள் ஓரெக்சின் என்ற மூளைப் பொருளைக் கண்டுபிடித்தன. ஃப்ளிப்-ஃப்ளாப்பை விழிப்புப் பக்கம் அழுத்திப் பிடித்திருக்கும் விரல் அது. 2000-ல் நார்கோலெப்சி நோயாளிகளின் மூளையைப் பார்த்தபோது, ஓரெக்சின் சுரக்கும் செல்கள் ஏறக்குறைய எல்லாமே காணாமல் போயிருந்தன. அந்தச் செல்கள் இருக்க வேண்டிய இடம், ஹைபோதலமஸின் பின்-பக்கவாட்டுப் பகுதி.